சிம் றவுட்டருக்குப் பின்னால நிக்கிற ஈஎஸ்பி32-ஐ வெளியில இருந்து பிடிக்கிறது எப்பிடி?

கோப்பாய்த்தோட்டம்:
வணக்கம். யாழ்ப்பாணம் கோப்பாயில வெங்காயத் தோட்டம் ஒண்டுக்குப் பூட்டின சாமான் இது: கிணத்தடியில மோட்டருக்கு ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டு), தொட்டித் தண்ணி மட்டத்துக்கு ஒண்டு, மண் ஈரம் பாக்க நாலு. ஆறுக்கும் ஒரே கோட்தான் ஏத்தியிருக்கு, பின் இலக்கங்கள் மட்டும் வேற. நெற் வாறது சிம் போடுற 4ஜி றவுட்டரால.

கரண்ட் போய் வந்தால் பெட்டியளின்ர ஐபி (நெற் முகவரி) எல்லாம் மாறுது. றவுட்டரில வெப் பக்கத்துக்கான வாசலான 80ஆம் போர்ட்டை மோட்டர்ப் பெட்டிக்குத் திருப்பி விட்டும் நல்லூரில இருந்து போனில பக்கம் திறக்குதில்லை. தோட்டத்து வைஃபையில நிண்டால் உடன திறக்குது. எம்கியூடிடி (நடுவில ஒரு சேர்வர் மூலம் சேதி அனுப்புற முறை) போட்டுப் பாத்தால் ஒரு பெட்டி தனிய நிண்டால் ஒழுங்கு. ரெண்டாவதுக்குக் கரண்ட் குடுத்த கையோட ரெண்டும் மாறி மாறி விழுந்து எழும்புது. மாசக் காசு கட்டி நிலையான ஐபி எடுக்கத்தான் வேணுமோ?

பனைவடலி:
வேண்டாம். முதல் றவுட்டருக்குள்ள போய் அதின்ர வெளிப்பக்க முகவரியைப் பாருங்கோ. 100.64 தொடக்கம் 100.127 வரைக்குள்ள இருந்தால், இல்லாட்டி 10 இல தொடங்கினால், அது உங்களுக்கெண்டு தனியத் தந்த பொது முகவரி இல்லை. ஐபிவி4 (பழைய வகை) முகவரி காணாததால கம்பனியள் கனபேரை ஒரு பொது முகவரிக்குப் பின்னால வச்சிருக்கினம், 100.64.0.0/10 எண்ட துண்டை 2012இல அதுக்கெண்டே ஒதுக்கினவை. நீங்கள் உங்கட படலையைத் திறந்து வச்சாச்சு. ஒழுங்கை முகப்பில இன்னொரு பூட்டு இருக்கு, அதின்ர திறப்பு உங்களிட்ட இல்லை. டெய்ல்ஸ்கேல் (தூரத்துச் சாமான்களைத் தனி வலையா இணைக்கிற ஆப்) போட்ட போனிலயும் 100 இல தொடங்கிற முகவரி தெரியும், அதைப் பாத்துக் குழம்பாதேங்கோ.

உள்ளுக்கு ஐபி மாறுறதுக்கு மருந்து லேசு. றவுட்டரின்ர டிஎச்சிபி (ஐபி பகிர்ந்து குடுக்கிற) பக்கத்தில ஒவ்வொரு மாக் முகவரிக்கும் (போர்டின்ர சொந்த இலக்கம்) ஒரு ஐபியைக் கட்டி விடுங்கோ. மலிவு றவுட்டர் சிலதில அந்த வசதி இராது. அப்ப கோட்டிலயே நிலையான ஐபி எழுதலாம், ஆனால் டிஎச்சிபி பகிர்ந்து குடுக்கிற வீச்சுக்கு வெளியில எடுக்க வேணும்: வீச்சு 192.168.8.100–200 எண்டால் நீங்கள் 20–25 எடுங்கோ. இதில ஆக்கள் விடுற பிழை, ஐபி, கேட்வே (றவுட்டரின்ர முகவரி), 255.255.255.0 எண்ட வலை அளவு மூண்டையும் எழுதிப்போட்டு டிஎன்எஸ்ஸை (பேருக்கு ஐபி தேடித் தாற சேர்வர்) மறக்கிறது. வைஃபை பிடிச்சிருக்கும், பிங்கும் போகும், சேர்வரின்ர பேரை மட்டும் கண்டுபிடிக்கேலாமல் நிக்கும்.

கம்பிச்சந்தி:
விழுந்து எழும்புறதுக்குக் காரணம் உங்கட கேள்வியிலயே கிடக்கு: "ஒரே கோட்". எம்கியூடிடியில ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கிளையன்ட் ஐடி (பெட்டி தன்னை அறிமுகப்படுத்திற பேர்) வேணும். அதே ஐடியோட இன்னொண்டு வந்தால் புரோக்கர் (அந்த நடுச் சேர்வர்) பழையதை வெட்டி விடும். வெட்டுப்பட்டது திரும்பி வந்து மற்றதை வெட்டும். ஐபி ஆறும் வேறயாத்தான் இருக்கும், அதால இங்க பிரயோசனமில்லை.

மாக்கில இருந்து ஐடி செய்யுங்கோ, ஆனால் கவனம். சிப்பிலயே பதிஞ்சு வாற ஈஃபியூஸ் மாக்கை ஆர்டுயினோவில (கோட் எழுதுற மென்பொருள்) எடுத்து 32 பிட்டாச் சுருக்கினால் கையில வாறது முன்பக்கம்: தயாரிப்பாளரின்ர 3 பைட்டும் மிச்சத்தில 1 பைட்டும். ஒரே பெட்டியில வாங்கின போர்டுகளுக்கு அது ஒண்டாவே வரலாம். முழு மாக்கையும் எழுத்தா எடுத்துக் கடைசி 6 எழுத்தைப் பாவியுங்கோ.

போர்ட் திருப்புறதை அழிச்சு விடுங்கோ. பெட்டியை வெளியில இருந்து தட்டக்கூடாது, பெட்டிதான் வெளியில போய்க் கதைக்க வேணும். வெளிச் சேர்வர் ஒண்டில புரோக்கர் இருக்கட்டும். கலியாணப் புரோக்கர் மாதிரித்தான், ரெண்டு பகுதியும் அவரிட்டப் போகும், ஒருத்தர் வீட்டை ஒருத்தர் தேடிப் போகத் தேவையில்லை. 1883ஆம் போர்ட்டில பாஸ்வேர்ட் மறைக்காமல் போகும், 8883ஆம் போர்ட்டில டிஎல்எஸ்ஸோட (எல்லாத்தையும் மறைச்சு அனுப்புற முறை) போங்கோ. கீப்அலைவ் (பெட்டி உயிரோட இருக்கெண்டு காட்டுற இடைவெளி) 60 செக்கன் போட்டால் பெட்டி செத்ததை 90 செக்கனில புரோக்கர் முடிவு கட்டும்.

கோப்பாய்த்தோட்டம்:
றவுட்டரில 100.83 எண்டுதான் கிடக்கு. ஐடி மாத்தினாப்பிறகு ஆறும் நிக்குது. ஐபிவி6 (புது வகை முகவரி) இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லைத்தானே? மற்றது, கடைசி வேலிக்கரையில நிக்கிற பெட்டி மட்டும் இடைக்கிடை காணாமல் போகுது, வைஃபை சிக்னல் -86 டிபிஎம்.

பனைவடலி:
ஐபிவி6இல முகவரிப் பஞ்சம் இல்லை, ஆனால் வெளியில இருந்து வாறதை அனேக றவுட்டர் மறிக்கும். திறந்து விட்டால் பாஸ்வேர்ட் இல்லாத உங்கட மோட்டர்ப் பக்கம் உலகத்துக்கே திறந்து கிடக்கும்.

அதைவிட இதைப் பாருங்கோ: மோட்டர் "ஓன்" கட்டளையை ரீட்டெய்ன் போட்டு அனுப்பாதேங்கோ. புரோக்கர் அதை வச்சிருந்து, கரண்ட் வந்து பெட்டி திரும்பப் பிடிக்கேக்க நீட்டும். ஒருத்தரும் இல்லாத நேரம் மோட்டர் ஓடத் தொடங்கும். எங்கட சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நல்ல தண்ணி உவர்த் தண்ணிக்கு மேல மிதக்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உவர் ஏறும். அதால 40 நிமிசமோ எவ்வளவோ, உச்ச நேரம் பெட்டிக்குள்ளயே இருக்க வேணும். நெற் அறுந்தாலும் அது தானா நிப்பாட்ட வேணும்.

கம்பிச்சந்தி:
-86 காணாது, -70க்குக் கிட்ட வர வேணும். அன்ரெனாவைப் பயிருக்கு மேல உயர்த்துங்கோ. ஈர இலை 2.4 கிகாஹேர்ட்ஸை விழுங்கும். தகரப் பெட்டிக்குள்ள போர்டு இருந்தால் முதல் அதைப் பிளாஸ்ரிக்குக்கு மாத்துங்கோ. அதுக்கும் சரிவராட்டி அந்தப் பெட்டிக்கு வைஃபையை விட்டிட்டு, நடுவில நிக்கிற பெட்டிக்கு ஈஎஸ்பி-நவ் (போர்டுக்குப் போர்டு நேரா அனுப்புற முறை) மூலம் அனுப்பலாம். அதில ஐபியே இல்லை, மாக்தான் முகவரி, ஒரு தரத்தில 250 பைட் போகும், ஈர அளவுக்குத் தாராளம். நடுப்பெட்டி வைஃபையிலயும் நிக்கிறதால ரெண்டுக்கும் ஒரே சனல்தான் (வைஃபை அலைவரிசை). றவுட்டர் "ஓட்டோ"வில இருந்தால் சனல் மாறின நாள் வேலிக்கரைப் பெட்டி சத்தமில்லாமல் அறுந்து போகும், 1, 6, 11 இல ஒண்டில பூட்டி விடுங்கோ.