பைனாகுலரில் இரட்டை உருவம்: வேலூர் பக்கம் சரிசெய்பவர்கள் யாராவது?

வணக்கம். காவேரிப்பாக்கம் ஏரியில் நண்பர்களோடு நீர்ப்பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதிவேற்றி வருகிறேன். என்னிடம் இருப்பது 10x50 போரோ பிரிசம் (உள்ளே உருவத்தை நிமிர்த்தும் கண்ணாடிப் பட்டகம்) வகை பைனாகுலர். போன மாதம் வாலாஜா அருகே பைக் குழியில் இறங்கியபோது பையோடு கீழே விழுந்தது. அன்றிலிருந்து எல்லாமே இரண்டிரண்டு. கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் மீசை ஆலாவின் தலைக்கு மேலேயே இன்னொரு ஆலா! பறவைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஒரு கண்ணை மூடினால் இரண்டு பக்கமும் தெளிவாகவே தெரிகிறது. கண்ணாடியில் கீறல், பூஞ்சை எதுவும் இல்லை. கண் இடைவெளி, டயாப்டர் (இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்யும் வளையம்) எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஐந்து நிமிடம் பார்த்தாலே தலைவலி. பிரிசம் நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரப்பர் உறைக்கு அடியில் சரிசெய்யும் திருகுகள் இருக்குமாம். குத்துமதிப்பாகத் திருப்பினால் இன்னும் கெடும் என்று தொடவில்லை. வேலூரில் விசாரித்த கடைகளில் மூக்குக்கண்ணாடி வேலை மட்டும்தான்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. அதற்குள் இரண்டு குழலையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து தருபவர் வேலூர், ராணிப்பேட்டை அல்லது சென்னையில் யார்?