ரூபி ரெகெக்ஸ்: பெயர் வைத்த குரூப் வேரியபிளாக வர மறுக்கிறது

வணக்கம் நண்பர்களே. ரூபி நிரல்மொழியின் 3.2 பதிப்பில், ரெகெக்ஸில் (எழுத்துகளுக்குள் தேடப் பயன்படும் பேட்டர்ன்) ஒரு சிக்கல். சர்வர் லாக்கின் ஒவ்வொரு வரியிலிருந்தும் தேதி, நேரம், ஸ்டேட்டஸ் கோடு மூன்றையும் பிரிக்கிறேன். பேட்டர்னை =~ குறிக்கு இடப்பக்கம் நேரடியாக எழுதியபோது, குரூப்புக்கு (பேட்டர்னில் பிரித்தெடுக்கும் ஒரு பகுதி) வைத்த பெயரிலேயே லோக்கல் வேரியபிள் தானாக வந்தது. சொகுசாகத்தான் இருந்தது. அப்புறம் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பேட்டர்னை ஒரு கான்ஸ்டன்டில் போட்டேன். உடனே, அப்படி ஒரு வேரியபிளே இல்லை என்று எரர். ஸ்ட்ரிங்கை இடப்பக்கம் மாற்றினாலும், பேட்டர்னுக்குள் #{} வைத்து எதையாவது நுழைத்தாலும் இதே கதை.

இப்போதைக்கு மேட்ச் மெத்தடை அழைத்து, குரூப் பெயரை சிம்பலாக (:பெயர் வடிவில்) கொடுத்து எடுக்கிறேன். பொருந்தாத வரி வந்தால் நில் (nil, அதாவது மதிப்பே இல்லை) கிடைத்து அங்கேயே விழுகிறது. &.[] என்று எழுதி ஒப்பேற்றலாம். மூன்று இடத்தில் அதைப் பார்க்கவே கண்ணை உறுத்துகிறது. நேம்டு கேப்சர்ஸ் (named_captures) மெத்தட் தரும் ஹேஷிலோ (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) கீ எல்லாம் ஸ்ட்ரிங். சிம்பலாகக் கேட்கும் வசதி 3.3-இல்தான் வந்தது, எங்கள் சர்வரை இப்போது ஏற்ற முடியாது.

மேட்ச்டேட்டாவை (மேட்ச் மெத்தட் தரும் முடிவு) கேஸ்-இன் (case/in) போட்டுப் பிரிக்கும் வசதி 3.2-இலேயே இருக்கிறதே, அதை யாராவது வேலையில் பயன்படுத்துகிறீர்களா? நில் வரும் வரியை அதில் எப்படிக் கையாள்கிறீர்கள்? லாக் ஃபைல் பெரியது, வேகம் அடிவாங்குமா என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.