படத் தேடல் கருவியை ஏஐ கோடிங் உதவியாளரோடு இணைக்க முடியவில்லை, எம்சிபி தெரிந்தவர்கள் உதவுங்கள்

சோலைக்குருவி (கோத்தகிரி)

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சோலைக்காட்டுச் செடிகள், பறவைகள், விலங்குகள் பற்றித் தமிழில் ஒரு சின்ன இணையதளம் செய்துகொண்டிருக்கிறேன். மொத்தம் 60 பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், பெயர், நாலு வரி. குறிஞ்சி, தவிட்டுப்பழம், நீலகிரி சிரிப்பான், வரையாடு என்று பட்டியலும் எழுத்தும் தயார். பக்கங்களை அமைக்க டெர்மினலில் ஓடும் ஏஐ கோடிங் உதவியாளர் ஒன்றை வைத்திருக்கிறேன். கோப்புகளை நன்றாகத் திருத்துகிறது. ஆனால் படம் கேட்டால், உண்மை போலவே இருக்கும் ஒரு முகவரியைத் தானாக எழுதி வைத்துவிடுகிறது. திறந்தால் 404, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லை.

அதனால், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்கள் இருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் படம் தேடுகிற எம்சிபி சர்வர் (ஏஐ உதவியாளரோடு வெளிக் கருவிகளை இணைக்கும் பொது முறையில் பேசும் நிரல்) ஒன்றைப் பைத்தானில் நானே எழுதினேன். ஒரே ஒரு கருவிதான்: தேடுசொல் கொடுத்தால் படங்கள் வர வேண்டும். டெர்மினலில் தனியாக ஓட்டினால் "சர்வர் தொடங்கியது" என்று வந்து காத்திருக்கிறது. உதவியாளரில் சேர்த்தால் சில நொடி யோசித்துவிட்டு "இணைக்க முடியவில்லை" என்கிறது. வேறு விவரமே இல்லை.

லினக்ஸ் மடிக்கணினி, பைத்தான் 3.11, நூலகங்கள் எல்லாம் விஎன்வி ஃபோல்டரில், அதாவது இந்த வேலைக்கென்றே பிரித்து வைத்த பைத்தான் சூழலில். செட்டிங்ஸ் கோப்பில் கட்டளையாக "பைத்தான்" என்றும் அதற்குப் பின்னால் என் கோப்பின் பெயரும் கொடுத்திருக்கிறேன். இங்கே வடகிழக்குப் பருவமழை, மதியத்துக்கு மேல் கரண்ட் போய்ப் போய் வருகிறது, ஃபோன் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட். நெட் மெதுவாக இருப்பதால்தான் இணைப்பு முறிகிறதா?

கூடலூர் பைத்தான்

அக்கா, நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நெட்டைப் பிடுங்கிவிட்டாலும் இந்த இணைப்பு வேலை செய்ய வேண்டும்.

நீங்கள் செய்திருப்பது எஸ்டிடிஐஓ வகை இணைப்பு. உதவியாளர் உங்கள் பைத்தான் கோப்பைத் தன் கீழ் ஒரு குட்டி நிரலாகத் தானே ஓட்டிக்கொள்ளும். அதற்குச் சொல்ல வேண்டியதை நிரலின் உள்ளீட்டு வழியான எஸ்டிடி-இன்னில் அனுப்பும், பதிலை வெளியீட்டு வழியான எஸ்டிடி-அவுட்டில் படிக்கும். எல்லாம் உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே நடக்கிறது. பேசுகிற மொழி, ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் செய்தி அனுப்பும் ஜேசன்-ஆர்பிசி 2.0, ஒரு வரிக்கு ஒரு செய்தி. முதலில் "இனிஷியலைஸ்" என்று கேட்கும், சர்வர் பதில் சொல்லும், அப்புறம் என்னென்ன கருவி இருக்கிறது என்று பட்டியல் கேட்கும்.

சிக்கலுக்கான தடயத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "சர்வர் தொடங்கியது". அதை பிரிண்ட் போட்டுத்தானே காட்டுகிறீர்கள்? பிரிண்ட் நேராக எஸ்டிடி-அவுட்டுக்குப் போகும். உதவியாளர் அங்கே ஜேசனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது, முதல் வரியே தமிழ் வாக்கியம். சில உதவியாளர்கள் அந்த வரியைத் தள்ளிவிட்டுப் போகும், சில அங்கேயே கைவிட்டுவிடும். எம்சிபி விதியிலேயே இது எழுதியிருக்கிறது: எஸ்டிடி-அவுட்டில் எம்சிபி செய்தி தவிர வேறெதுவும் போகக் கூடாது. நமக்கான குறிப்புகள் எல்லாம் பிழைச் செய்திகளுக்கான தனி வழியான எஸ்டிடி-எரருக்குப் போகட்டும். பைத்தானின் லாகிங் நூலகம் இயல்பாகவே எஸ்டிடி-எரரில்தான் எழுதும், அதனால் பிரிண்ட் எல்லாவற்றையும் லாகிங்காக மாற்றுங்கள். தேடல் ஃபங்ஷனுக்குள் சோதனைக்காகப் போட்ட பிரிண்ட் ஏதாவது இருந்தால் அதையும் விடாதீர்கள். இணைந்த பிறகு நடுவில் அறுபடுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட வரியால்தான்.

மஞ்சூர் மழை

கூடலூர்த் தம்பி சொன்னது சரி. அதோடு இன்னொன்றும் இருக்கிறது சகோதரி. கட்டளையில் வெறும் "பைத்தான்" என்று கொடுத்தால் சிஸ்டத்தில் பொதுவாக இருக்கிற பைத்தான்தான் ஓடும். அதற்கு உங்கள் விஎன்வியில் இருக்கிற எம்சிபி நூலகம் தெரியாது, இம்போர்ட் வரியிலேயே விழுந்துவிடும். டெர்மினலில் ஓடுவதற்குக் காரணம், அங்கே நீங்கள் விஎன்வியை ஆக்டிவேட் செய்திருப்பீர்கள். விஎன்வி ஃபோல்டருக்குள் "பின்" என்று ஒரு ஃபோல்டர், அதில் இருக்கிற பைத்தானின் முழுப் பாதையை ஹோம் ஃபோல்டரிலிருந்து கொடுங்கள். உங்கள் கோப்புக்கும் முழுப் பாதை. மாற்றிய பிறகு உதவியாளரை மூடித் திறக்க வேண்டும்.

நெட் மெதுவானது தொல்லை தருகிற இடம் ஒன்று உண்டு. நிரலை இறக்கி உடனே ஓட்டும் என்பிஎக்ஸ் அல்லது யூவிஎக்ஸ் கட்டளை மூலம் பிறர் எழுதிய சர்வரை ஓட்டினால், முதல் தடவை அது முழுப் பொதியையும் இறக்கிய பிறகுதான் தொடங்கும். அதற்குள் உதவியாளர் காத்திருந்து கைவிட்டுவிடும். அப்படி வந்தால் டெர்மினலில் ஒரு தடவை ஓட்டி இறக்கி வைத்துவிட்டு அப்புறம் சேர்ப்பது நல்லது. உங்கள் உதவியாளர் கிளாட் கோட் என்றால் எம்சிபி_டைம்அவுட் என்ற மாறியில் காத்திருக்கும் நேரத்தை மில்லிநொடியில் கூட்டலாம். குந்தா பக்கம் எங்களுக்கு இது இல்லாமல் முடியாது.

இன்னொன்று: உதவியாளரை நடுவில் வைக்காமல் சர்வரை மட்டும் சோதிக்க எம்சிபி இன்ஸ்பெக்டர் இருக்கிறது. பிரவுசரில் திறக்கும், கருவிப் பட்டியலைக் காட்டும், நீங்களே தேடுசொல் கொடுத்துப் பார்க்கலாம். அதில் ஓடி உதவியாளரில் ஓடவில்லை என்றால் தவறு செட்டிங்ஸில். அதிலும் ஓடவில்லை என்றால் தவறு கோடில்.

சோலைக்குருவி (கோத்தகிரி)

இரண்டு தவறுமே இருந்தது! முழுப் பாதை கொடுத்து, பிரிண்ட்டை எல்லாம் லாகிங் ஆக்கி, மூடித் திறந்தேன். பச்சையில் "இணைந்தது" என்று வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப ரொம்ப நன்றி.

ஆனால் "குறிஞ்சிப் படம் தேடு" என்றதும் கருவி ஓடி, 403 (அனுமதி இல்லை) என்று திரும்பி வருகிறது. அதே முகவரியை பிரவுசரில் போட்டால் ஜேசன் அழகாக வருகிறது. காமன்ஸின் ஏபிஐக்கு, அதாவது நிரல்கள் அதனிடம் தகவல் கேட்கும் வாசலுக்கு, சாவி வாங்க வேண்டுமா?

கூடலூர் பைத்தான்

தேடிப் படிக்க சாவி வேண்டாம் அக்கா. யூசர் ஏஜென்ட் என்ற ஹெட்டர் வைத்தீர்களா? பைத்தான் நூலகம் தானாக வைக்கிற பொதுப் பெயரோடு போனால் விக்கிமீடியா தடுக்கலாம். வருவது எந்த நிரல், தொடர்புகொள்ள யார் என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. உங்கள் தளத்தின் பெயர், பதிப்பு எண், அதோடு ஒரு மின்னஞ்சலோ தள முகவரியோ சேர்த்து ஒரே வரியாகக் கொடுங்கள். பிரவுசர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போவதால் அங்கே வேலை செய்கிறது.

அப்படியே நேம்ஸ்பேஸ் (பக்க வகை) எண் 6 என்று கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். காமன்ஸில் கோப்புகள் 6இல்தான் இருக்கின்றன. கொடுக்காவிட்டால் படமில்லாத பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

சோலைக்குருவி (கோத்தகிரி)

யூசர் ஏஜென்ட் வைத்ததும் 403 போய்விட்டது. 6ஐ முன்பே கொடுத்திருந்தேன்.

இப்போது படம் வருகிறது, ஆனால் இரண்டு புதுச் சிக்கல். ஒன்று, மூன்றாவது படத்துக்குள் உதவியாளரின் நினைவகம் நிரம்பி "பதில் மிக நீளம்" என்று எச்சரிக்கிறது. நான் படத்தையே இறக்கி பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாற்றி அனுப்புகிறேன்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை. வருகிற படங்கள் தவறு. உதவியாளர் தானாகவே ஆங்கில எழுத்தில் "நீலகிரி" என்ற சொல்லையும் "நீலப் பூ" என்பதையும் சேர்த்துத் தேடியிருக்கிறது. மலை ரயில் வந்தது, கடற்படைக் கப்பல் வந்தது, நேபாளத்தில் ஒரு பனிமலை வந்தது. கடைசியில் குறிஞ்சிப் பக்கத்தில் அது எடுத்து வைத்த படம் ஜகரண்டா மரம். பொடியன்கள் பார்த்தால் அதையே குறிஞ்சி என்று மனதில் வைத்துக்கொள்வார்கள். 2018இல் பூத்தபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பிறந்திருக்கக்கூட மாட்டார்கள். அடுத்தது 2030. அதுவரை அவர்களுக்கு இந்தப் படம்தான் குறிஞ்சி. தவறாக வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மஞ்சூர் மழை

முதல் சிக்கல் சுலபம். பேஸ்64 ஆக்கினால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும்: 3 எம்பி படம் 4 எம்பி எழுத்தாகிவிடும். அவ்வளவையும் உதவியாளர் எழுத்தாகவே படிக்க வேண்டும். கிளாட் கோடில் ஒரு கருவியின் பதில் 10,000 டோக்கனை (ஏஐ எழுத்தை எண்ணும் துண்டு) தாண்டினால் எச்சரிக்கை வரும், வழக்கமான உச்சவரம்பு 25,000. படத்தை அனுப்பவே வேண்டாம். காமன்ஸ் ஏபிஐயில் இமேஜ்இன்ஃபோ கேட்கும்போது அகலம் 500 என்று கொடுத்தால் சின்னப் படத்தின் முகவரி வரும். கோப்பின் பெயர், அந்த முகவரி, விவரம், எடுத்தவர், உரிமம், இந்த ஐந்தும் போதும். ஒரு தேடலுக்கு ஐந்து முடிவு. இறக்குவதைத் தனி ஸ்கிரிப்டாக வைத்து, நீங்கள் படம் தேர்ந்தெடுத்த பிறகு ஓட்டுங்கள்.

எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் விட்டுவிடாதீர்கள். காமன்ஸில் பெரும்பாலான படங்கள் சிசி பிஒய்-எஸ்ஏ போன்ற உரிமத்தில் இருப்பவை. இலவசம்தான், ஆனால் எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் படத்தோடு இருக்க வேண்டும். மழையில் நனைந்து அட்டை கடித்துப் படம் எடுத்துப் பொதுவில் வைத்தவருக்கு நாம் தருகிற கூலி அந்த ஒரு வரிதான். எக்ஸ்ட்மெட்டாடேட்டா என்ற பகுதியில் இரண்டும் வரும். எடுத்தவர் பெயர் பெரும்பாலும் எச்டிஎம்எல் சுட்டியோடு வரும், அதை உரித்துவிட்டு எழுத்தை மட்டும் எடுங்கள்.

காட்டுப்புறா (ஊட்டி)

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கோடிங் அவ்வளவாகத் தெரியாது, செடி தெரியும்.

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள் அம்மா. "நீலகிரி" என்பது இந்தியில் தைல மரத்துக்கே பெயர். வெறும் "குறிஞ்சி" என்று தேடினாலும் கோயில், ஊர், ஆள் பெயர் எல்லாம் கலந்து வரும். அறிவியல் பெயரைக் கொடுங்கள். குறிஞ்சி என்றால் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, தவிட்டுப்பழம் ரோடோமிர்ட்டஸ் டொமென்டோசா. காமன்ஸில் உயிரினங்களுக்கான பகுப்புகள் அறிவியல் பெயரில்தான் இருக்கும். முதல் சொல்லோடு நின்றுவிடக் கூடாது. ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் நம் மலைகளிலேயே பல இனங்கள் உண்டு. சோலைக்குள் நிழலில் வளர்பவை வேறு, புல்வெளிச் சரிவில் வெயிலில் நின்று 12 ஆண்டுக்கு ஒரு முறை மலையையே நீலமாக்குவது குந்தியானா.

பெயர் மாறியவற்றையும் கவனியுங்கள். வரையாடு முன்பு ஹெமிட்ராகஸ், 2005இலிருந்து நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ். நீலகிரி சிரிப்பான் 2017இலிருந்து மாண்டெசிங்க்ளா. பழைய படங்கள் பழைய பெயரிலேயே கிடக்கலாம், இரண்டையும் தேட வேண்டும்.

60 பெயருக்கும் தமிழ், புதிய அறிவியல் பெயர், பழைய பெயர் என்று ஒரு அட்டவணை போடுங்கள். சந்தேகம் இருந்தால் இங்கே ஒட்டுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

கூடலூர் பைத்தான்

ஐயா சொன்ன அட்டவணையைக் கோடில் எங்கே மாட்டுவது என்று சொல்கிறேன். உதவியாளர் உங்கள் ஃபங்ஷனின் உள்ளே பார்ப்பதில்லை அக்கா. அது படிப்பது கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு என்பதை மட்டும். உங்கள் விளக்கத்தில் "படம் தேடும்" என்று மட்டும் இருந்திருக்கும், அதனால்தான் தேடுசொல்லை அது தானாக உருவாக்கிக்கொண்டது. உள்ளீட்டின் பெயரையே "அறிவியல் பெயர்" என்று மாற்றுங்கள். விளக்கத்தில் "அட்டவணைக் கோப்பில் உள்ள பெயரை அப்படியே கொடு, அதில் இல்லாவிட்டால் தேடாமல் கேள்" என்று எழுதுங்கள். சர்வருக்குள்ளும் ஒரு சோதனை வையுங்கள்: அட்டவணையில் இல்லாத பெயர் வந்தால் பிழைச் செய்தி திரும்பட்டும். விளக்கத்தை மட்டும் நம்பக் கூடாது.

படங்களின் விவரம் யாரோ வெளியாட்கள் எழுதியது. அதில் கட்டளை போல ஏதாவது இருந்தாலும் உதவியாளர் அதன்படி நடக்காமல் இருக்க, கோப்பை மாற்றும் முன் உங்களிடம் அனுமதி கேட்கும் அமைப்பை அணைக்காதீர்கள்.

பர்லியாறு

சாவி வேண்டிய வேறு தேடல் சேவைகளை யாராவது பரிந்துரைத்தால் ஒரு தடவை யோசியுங்கள். பழைய வழிகாட்டிகளில் பிங் தேடல் ஏபிஐயைப் போடச் சொல்லியிருக்கும், அது 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பொதுத் தேடலில் வருகிற படங்களுக்கு உரிமமும் தெரியாது. பள்ளிக்கு காமன்ஸ்தான் சரி.

சோலைக்குருவி (கோத்தகிரி)

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஓடுகிறது!

அட்டவணையில் 57 பெயரை நானே நிரப்பினேன், மூன்றை ஊட்டி ஐயா திருத்திக் கொடுத்தார். உள்ளீட்டின் பெயரை மாற்றியதுமே வித்தியாசம் தெரிந்தது. குறிஞ்சிக்கு ஐந்து படம் வந்தது, ஐந்தும் குறிஞ்சி. 2018இல் அப்பாவோடு பார்க்கப் போனபோது கீழே விழுந்து கிடந்த ஒரு கிளையை எடுத்து நோட்டுக்குள் வைத்திருந்தேன். பூ காய்ந்து நிறம் போய்விட்டது. இலை அப்படியே இருக்கிறது, ஓரத்தில் ரம்பப் பல், எதிரெதிராக இரண்டிரண்டு. திரைப் பக்கத்தில் அதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாப் பக்கத்திலும் படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரும் உரிமமும் இருக்கின்றன.

60இல் 51 பக்கம் முடிந்தது. எட்டுக்கு இன்னும் தேர்வு செய்யவில்லை. தவிட்டுப்பழத்துக்கு மட்டும் மனசுக்குப் பிடித்த படம் இல்லை. பூ நிறைய இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிற அந்தக் கருநீலப் பழம் தெளிவாக இல்லை.

காட்டுப்புறா (ஊட்டி)

எங்கள் வேலியோரம் இரண்டு செடி நிற்கிறது அம்மா. பழுத்ததும் முழுதாக ஒன்று, பிளந்து ஒன்று என்று எடுத்து காமன்ஸில் அறிவியல் பெயரோடு ஏற்றுகிறேன். உங்கள் கருவி தானாகவே கண்டுபிடிக்கும்.