பாலிபீனால் 5 சதவீதம்தான் உடம்பில் சேருமாமே, மீதி எல்லாம் வீணா?

தேநீர்ப்பிரியை:
பச்சைத் தேயிலை, மாதுளை, வெங்காயம், கோகோ எல்லாவற்றிலும் பாலிபீனால் என்ற தாவரப் பொருள் நிறைய இருக்கிறது, அது ஆன்டிஆக்ஸிடன்ட், அதனால் நல்லது என்று எங்கே திரும்பினாலும் எழுதுகிறார்கள். இப்போது ஒரு கட்டுரையில், சாப்பிடும் பாலிபீனாலில் 5 முதல் 10 சதவீதம்தான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது, மீதி பெருங்குடலுக்குப் போய்விடுகிறது என்று போட்டிருக்கிறது. அப்படியானால் இவ்வளவு பேச்சும் எதற்கு? உள்ளே போனதும் உடம்பு அதை என்னதான் செய்கிறது? கேப்சூலாக எடுத்தால் கூடுதலாகச் சேருமா? எனக்கு இரும்புச்சத்து குறைவு, மாத்திரை சாப்பிடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குடல்வாசி:
அந்த 5-10 எல்லாப் பாலிபீனாலையும் ஒன்றாகப் போட்டுச் சொல்லும் தோராயக் கணக்கு, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செடியில் இவை பெரும்பாலும் சர்க்கரை ஒட்டிய நிலையில் இருக்கும், எந்தச் சர்க்கரை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெங்காயத்தில் க்வெர்செட்டின் என்ற பாலிபீனாலோடு குளுக்கோஸ் ஒட்டியிருக்கும். பாலில் உள்ள லாக்டோஸை வெட்டும் அதே நொதி சிறுகுடல் சுவரில் இதையும் வெட்டிவிடும், உடனே உள்ளே போய்விடும். தேயிலையில் உள்ள ரூட்டினும் க்வெர்செட்டின்தான், ஆனால் அதில் ஒட்டியிருப்பது இரட்டைச் சர்க்கரை, அந்த நொதிக்கு அது மசியாது, ஆகவே பெருங்குடல் வரை போகிறது. 1995இல் நெதர்லாந்தில், பெருங்குடல் நீக்கப்பட்டவர்களிடம் அளந்து பார்த்தார்கள்: வெங்காயத்திலிருந்து 52 சதவீதம் உறிஞ்சப்பட்டது, ரூட்டினில் 17 மட்டும்.

சரி, உள்ளே போனது அப்படியே ரத்தத்தில் ஓடுமா என்றால் அதுவும் இல்லை. உடம்பு இதைச் சத்தாகப் பார்ப்பதில்லை, மருந்தைப் போல, வெளியேற்ற வேண்டிய அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. குடல் சுவரிலேயே ஒரு சுற்று, கல்லீரலில் இன்னொரு சுற்று, குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், மீத்தைல் என்று ஏதாவது ஒன்றை ஒட்டிவிடும். அதில் ஒரு பகுதியைக் குடல் செல்களே திரும்ப வெளியே தள்ளும், கொஞ்சம் பித்தநீர் வழியாகக் குடலுக்குத் திரும்பும், மிச்சம் சிறுநீரில் போகும். திராட்சையில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பாலிபீனாலை 25 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது 70 சதவீதம் போல உறிஞ்சப்பட்டது, ஆனால் மாறாத ரெஸ்வெரட்ரால் ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் இருந்தது! சோதனைக்குழாயில் தூய பொருளை செல் மேல் ஊற்றிவிட்டு 'இது அதைக் குணமாக்கும்' என்று எழுதும் செய்திகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

கடைசிபெஞ்ச்:
அப்போ ஆன்டிஆக்ஸிடன்ட் கதை புட்டுக்கொண்டது என்று சொல்லுங்கள் :)
உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக்குழாயில் அளந்து, ஓரேக் என்ற மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் இருந்ததே, அமெரிக்க வேளாண் துறை 2012இலேயே அதைத் தூக்கிவிட்டது, சோதனைக்குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று. இன்னும் பெட்டிகளில் அதைப் போட்டு விற்கிறார்கள்.

நுண்ணுயிர்நேசன்:
'மீதி வீணா' என்பதற்கு மட்டும் சொல்கிறேன். பெருங்குடலுக்குப் போவதை வீண் என்று எண்ணியது, சாப்பிட்ட அதே மூலக்கூறை மட்டும் ரத்தத்தில் தேடியதால் வந்த வினை. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் மிச்சச் சர்க்கரையைக் கழற்றி, மூலக்கூறின் வளையத்தையே உடைத்து, சின்னச் சின்ன மூலக்கூறுகளாக்கிவிடும், அவை உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கு வரும், கேட்டகின்கள் என்ற தேயிலைப் பாலிபீனால்களிலிருந்து வரும் வேலரோலாக்டோன்கள் மாதிரி. மாதுளை, வால்நட்டில் உள்ள எல்லாஜிடானின் என்ற பாலிபீனால் இப்படித்தான் யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறாக மாறுகிறது. ஆனால் அதற்கான பாக்டீரியா எல்லோரிடமும் கிடையாது, சிலருக்கு எவ்வளவு மாதுளை சாப்பிட்டாலும் யூரோலித்தின் வராது. சோயாவில் உள்ள டெய்ட்சீன் என்ற பாலிபீனால் ஈக்வால் என்ற பொருளாக மாறுவதும் அப்படியே: மேற்கத்திய நாடுகளில் நான்கில் ஒருவர் போல, கிழக்காசியாவில் பாதிப் பேர் போலத்தான் அது நடக்கிறது. ஒரே உணவு ஆய்வில் ஒருவருக்குப் பலன், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

குடல்வாசி:
கேப்சூல் கேள்வியை விட்டுவிட்டேனே. பச்சைத் தேயிலைச் சாறு கேப்சூலில் ஈஜிசிஜி (தேயிலையின் முக்கியக் கேட்டகின்) நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. குடிக்கும் தேநீரைப் பற்றி அல்ல, செறிவூட்டிய சாற்றைப் பற்றி. காஸ்மோஸ் என்ற பெரிய ஆய்வில் 21,000 பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு தினம் 500 மில்லிகிராம் ஃபிளேவனால் என்ற கோகோ பாலிபீனால் கொடுத்தார்கள், 2022இல் முடிவு வந்தது: இதயநோய் நிகழ்வுகள் மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை, இதயநோய் மரணம் மட்டும் குறைவாக இருந்தது. நான் வாங்க மாட்டேன், உணவாகவே சாப்பிட்டுக்கொள்வேன்.

தேநீர்ப்பிரியை:
நன்றி, நிறையப் புரிந்தது. இரும்பு?

நுண்ணுயிர்நேசன்:
உங்களுக்கு முக்கியமே அதுதான். தேநீரின் பாலிபீனால் குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும், தாவர உணவிலிருந்து வரும் இரும்பு அதனால் நன்றாகவே குறைகிறது, பால் கலந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள், மாத்திரைக்கும் அதே இடைவெளி போதுமா, கூடுதலா என்பதை மருந்து எழுதிக்கொடுத்தவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.