சேசிஸ் 2ஏ8, எஞ்சின் 2கே4: இது எந்த ட்ரெயில் பைக், எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

பாலையடி:
வணக்கம் அண்ணைமார். மலிவு விலைக்கு ஒரு பழைய டூ ஸ்ரோக் ட்ரெயில் பைக் கிடைச்சிருக்கு. ஸ்ரிக்கர் ஒன்றும் மிச்சமில்லை, பெற்றோல் தாங்கிக்குப் பலமுறை பெயின்ற் அடிச்சிருக்கு. பின்னுக்கு இரண்டு ஷொக் இல்லை. தாங்கிக்குக் கீழே நீட்டுக்குக் கிடக்கிற ஒரேயொரு ஷொக். சேசிஸ் இலக்கம் 2ஏ8 என்று தொடங்குது, எஞ்சின் இலக்கம் 2கே4.

ஸ்ராட் ஆகும், ஆனால் வெள்ளைப் புகை சூடேறின பிறகும் நிற்குதில்லை. கியர் ஒயில் குறையுது, நிலத்தில் ஒரு துளி ஒழுக்கும் இல்லை. அக்சிலேற்றரை விட்டாலும் இரைச்சல் உடனே இறங்குதில்லை. ஒயில் பம்பின் குழாயை வெட்டி, ஸ்க்ரூ ஒன்றால் அடைச்சு வைத்திருக்கிறார்கள். கராச்சில் "பிஸ்ரனும் றிங்கும் மாத்தினால் சரி" என்கினம். அப்படியே செய்யலாமோ?

கடைசல்:
யமஹா. இவர்களின் சேசிஸ், எஞ்சின் இலக்கங்களில் முன்னுக்கு நிற்கிற மூன்று எழுத்தும் மொடலைச் சொல்லும். 2ஏ8 என்றால் டி.ரி. 125 எம்.எக்ஸ்., 2கே4 என்றால் டி.ரி. 175 எம்.எக்ஸ். கொம்பனியிலிருந்து வரும்போது இரண்டிலும் ஒரே எழுத்துகள்தான் இருக்கும். ஆகவே உங்களுடையது 125இன் சேசிஸில் 175இன் எஞ்சின் ஏற்றின வண்டி. ஒற்றை ஷொக்கும் எம்.எக்ஸ். என்பதோடு ஒத்துப்போகுது.

ஆனால் இலக்கம் அடிச்சிருப்பது கிராங்கேஸில் (எஞ்சினின் அடிக் கூட்டில்). மேலே இருக்கிற சிலிண்டர் எது என்று அது சொல்லாது. பாகம் வாங்க முதல் ஹெட்டைக் கழட்டி உள்விட்டத்தை அளவுங்கோ. 56 மி.மீ. கிட்ட வந்தால் 125 (123 சி.சி.), 66 கிட்ட வந்தால் 175 (171 சி.சி.). பிளக் ஓட்டையால் கம்பி விட்டு ஸ்ரோக்கை அளந்து பிரயோசனமில்லை, இரண்டுக்கும் 50 மி.மீ. தான். ஹெட்டைத் திறந்த கையோடு பிஸ்ரன் தலையில் 25, 50, 75 என்று ஏதும் அடிச்சிருக்கோ என்றும் பாருங்கோ. சிலிண்டரை எவ்வளவு அகலமாக்கி வெட்டியிருக்கு (போர் அடிச்சிருக்கு) என்பது அதில் தெரியும்; 25 என்றால் 0.25 மி.மீ.

மின்சாரம் 6 வோல்ற்றா 12ஆ என்பதையும் இப்பவே உறுதிப்படுத்துங்கோ. ஈய பற்றரியில் மூன்று மூடி என்றால் 6. இந்த எம்.எக்ஸ். 6 வோல்ற்தான்; 12 வோல்ற் பல்ப் போட்டால் மங்கலாகத்தான் எரியும். செத்த பற்றரியோடு முறுக்கினால் பல்ப் வரிசையாகப் போகும்.

2டி ராசா:
தம்பி, பிஸ்ரனுக்கு இப்ப காசு கொடுக்காதேங்கோ. நீங்கள் சொன்ன குறிகளில் ஒன்றுகூட பிஸ்ரன் தேய்மானத்துக்கு மட்டும் உரியதில்லை.

கியர் ஒயில் வெளியே ஒழுகாமல் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால் கிராங்கின் (பிஸ்ரன் சுழற்றுகிற தண்டின்) வலப்பக்க சீல், அதாவது ஒயிலைத் தடுக்கிற றப்பர் வளையம், போயிருக்கும். கிளச் பக்கத்து ஒயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்குது. இரைச்சல் இறங்க மறுப்பது வேறு கதை: மக்னெற் பக்க (இடது) சீலாலோ, காபரேற்றரைப் பிடிக்கிற றப்பர் குழாயின் வெடிப்பாலோ காற்று புகுது. கலவையில் பெற்றோல் குறையுது, கூடவே அதில் கரைந்த ஒயிலும் குறையுது. இந்த நிலையில் புதுப் பிஸ்ரன் போட்டு மேட்டில் ஏற்றினால் அதுவும் இறுகும். கராச்சில் பிஸ்ரன் மாத்தி இரண்டு மாதத்தில் திரும்பி வருகிற வண்டிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஊகிக்கத் தேவையில்லை, காற்றடிச்சுப் பாருங்கோ. சைலன்சரைக் கழட்டி அந்த வாயை றப்பரும் தட்டும் வைத்து இறுக்குங்கோ. காபரேற்றரை எடுத்து, றப்பர் குழாய் தன் இடத்திலேயே இருக்க, அதன் வாயில் மூடி போட்டுக் கிளிப்பால் இறுக்குங்கோ. இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் பந்தையும் மீற்றரையும் பிளக் ஓட்டையில் ஒரு பழைய பிளக்கின் உடலால் பொருத்தி, பிஸ்ரனைக் கீழே இறக்கி மீற்றரில் 280 (மி.மீ. பாதரசம்) வரை அடியுங்கோ. 300ஐத் தாண்டவேண்டாம். ஒரு நிமிடத்தில் 50க்கு மேல் இறங்கக்கூடாது.

இறங்கினால் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கோ: சிலிண்டர் அடி கஸ்கற், றப்பர் குழாய், மக்னெற் தட்டுக்குப் பின்னால். வலப்பக்க சீலைக் கண்ணால் காண முடியாது. கியர் ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அந்த வாயில் சவர்க்காரப் படலம் பிடியுங்கோ. படலம் ஊதினால் சீல் செத்தது.

சிலிண்டரைக் கழட்டும்போது கொனெக்ரிங் றொட்டை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கோ. ஒரு துளி ஆட்டமும் இருக்கக்கூடாது. மேல் முனை பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், 2 மி.மீ. வரை பரவாயில்லை. மேல்-கீழ் ஆட்டம் இருந்தால் கிராங்க் வேலைதான் முதலில். அது முடியாமல் போர் அடிப்பது வீண்.

பாலையடி:
நன்றி அண்ணை. அளவுகள்: சிலிண்டரின் மேல்பகுதி 66.62, பிஸ்ரன் பாவாடை (அடிப்பகுதி) 66.42, தலையில் 50 என்று இருக்கு. கொனெக்ரிங் றொட் மேல்-கீழ் ஆட்டமில்லை. காற்று 280இலிருந்து ஒரு நிமிடத்தில் 100க்கு வந்திட்டுது. ஒயில் மூடியில் படலம் ஊதுது, றப்பர் குழாயின் அடியிலும் குமிழி.

2டி ராசா:
அப்ப மூன்று வேலை: இரண்டு சீலும், றப்பர் குழாயும், போரும்.

இடப்பக்க சீலில் குமிழி இல்லாவிட்டாலும் சேர்த்தே மாத்துங்கோ. மக்னெற்றை அதற்குரிய புல்லரால் மட்டும் கழட்டவேணும். சுத்தியலால் அடித்தால் கிராங்க் நேர் தவறும். வலப்பக்கத்துக்குக் கிளச் கவரும், பிறைமறி கியரும் வரவேணும். நெம்ப முதல் சீலின் வெளிவிளிம்பைப் பாருங்கோ. கிராங்கேஸின் பள்ளத்துக்குள் பொருந்துகிற மேடு அதில் இருந்தால் பக்கத்தால் வராது, கேஸைப் பிளந்துதான் எடுக்கவேணும். அப்படிப் பிளந்தால் கிராங்க் பெயாரிங்குகளையும் விடாதேங்கோ.

றப்பர் குழாய்க்கு சிலிக்கன் பூசுவது வேலைக்கு ஆகாது, பெற்றோலில் ஊறிக் கழன்று விடும். புதிது போடுங்கோ. அதைக் கழட்டின கையோடு றீட் இதழ்களை (கலவையை உள்ளே மட்டும் விடுகிற மெல்லிய தகடுகளை) வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கோ. மூலை உடைந்திருந்தாலோ இதழ் தட்டில் ஒட்டாமல் நின்றாலோ மாத்தவேணும், உடைந்த துண்டு போகிற இடம் சிலிண்டர்.

கடைசல்:
போர் பற்றி. பிஸ்ரனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி 0.20 மி.மீ., எல்லை 0.10. அடுத்த அளவு 0.75, அதாவது 66.75. அதற்குப் பிறகு 1.00 ஒன்றுதான் மிச்சம், ஆகவே இந்த முறை கவனம்.

பிஸ்ரனைக் கையில் வாங்காமல் சிலிண்டரைப் பட்டறைக்குக் கொடுக்காதேங்கோ. பிஸ்ரனை அளந்து அதைவிட 0.045 மி.மீ. கூட வெட்டச் சொல்லுங்கோ. நாலு ஸ்ரோக் வண்டிக்கு வெட்டிப் பழகினவர்கள் இதைவிட இறுக்கமாக விடுவார்கள். காற்றால் குளிரும் டூ ஸ்ரோக் அதில் பிடித்துவிடும். போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரில் இருக்கிற ஓட்டைகளின்) விளிம்பைக் கட்டாயம் மழுக்கச் சொல்லுங்கோ. கூர் விளிம்பில் றிங் மாட்டி உடையும், பட்டறைகளில் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

பூட்டும்போது பிஸ்ரனின் அம்பு சைலன்சர் பக்கம். றிங்கின் வெட்டு, பள்ளத்தில் இருக்கிற சின்ன ஊசிக்கு நேரே. தவறினால் சிலிண்டருக்குள் இறங்கும்போதே உடையும். பிஸ்ரன் பின்னைப் பிடிக்கிற பழைய கிளிப்பைத் திரும்பப் போடவேண்டாம். பிளக் என்.ஜி.கே. பி8ஈஎஸ், இடைவெளி 0.7.

ஒயில் பம்பைத் திரும்ப இணைப்பது நல்லதுதான், ஆனால் அதை வேலை செய்கிறதென்று காணும்வரை நம்பவேண்டாம். முதல் தாங்கியை எப்படியும் கலவையாகவே ஓடுங்கோ: 5 லீற்றருக்கு 200 மி.லீ. 2டி (டூ ஸ்ரோக்) ஒயில், 25க்கு 1. முழு முறுக்கு வேண்டாம், நீண்ட இறக்கத்தில் அக்சிலேற்றரை மூடி எஞ்சினால் பிடிக்கவும் வேண்டாம். அந்த நேரம் ஒயில் வராது. பிறகு பம்பின் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்றுக் குமிழி நிற்கும்வரை ஒயில் ஓட விட்டு, கேபிள் குறிகளை நேராக்குங்கோ. பம்ப் சரிவராவிட்டால் 30க்கு 1இல் கலவையாகவே ஓடலாம்: லீற்றருக்கு 33 மி.லீ.

முகுந்தன்:
ஒன்றைச் சேர்க்கிறேன். பதிவுப் புத்தகத்தில் என்ன எஞ்சின் இலக்கம், எத்தனை சி.சி. என்று சீல் வாங்க முதல் பாருங்கள். 2ஏ8 இலக்கமும் 125உம் இருந்தால், எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அதற்கு இந்த 2கே4 எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான கடிதாசியை விற்றவரிடம் இப்போதே கேளுங்கள். திருத்தி முடித்த பிறகு அவரைத் தேடுவது கடினம்.

மற்றது, அந்தப் பின் ஷொக்கைத் திறக்க வேண்டாம். உள்ளே அமுக்கிய நைதரசன் இருக்கிறது. ஒயில் கசிந்திருந்தால் வாயு நிரப்பத் தெரிந்த இடத்தில் கொடுங்கள். ஸ்விங் ஆமின் (பின்சில்லைத் தாங்குகிற கையின்) புஷ் மட்டும் உங்கள் வேலை: பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், தட்டினால் மாற்றிக் கிறீஸ் வையுங்கள்.