சிறு பிள்ளைகள் இறங்கிக் குளிக்க இலங்கையில் அமைதியான கடற்கரை எது?

கேள்வி – நாகர்கோவில் வாசகர்:
மே விடுமுறையில் வயதான அம்மாவையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இலங்கை செல்ல இருக்கிறோம். முட்டத்திலும் சொத்தவிளையிலும் அலைக்கு அஞ்சிப் பிள்ளைகளின் கையை விடாமலே நின்று பழகியவர்கள் நாங்கள். அவர்கள் பயமின்றி நீரில் விளையாடக்கூடிய இடம் எதுவென்று தெரிந்தவர்கள் கூறுங்கள்.

பதில் – தக்கலை வாசகர்:
மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவுக்கே செல்லுங்கள். பவளப்பாறைத் திட்டுகள் அலையைத் தடுப்பதால் வளைகுடாவின் நீர் குளம்போல் அடங்கிக் கிடக்கும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான் ஆழம், குனிந்தால் மணலில் பதிந்த நம் கால்விரல்களே தெரியும். நம் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை பொதுவாக அமைதியாக இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே வடகிழக்குப் பருவமழை என்பதால் அப்போது வேண்டாம்.

பதில் – குளச்சல் வாசகி:
அண்ணன் சொல்வது சரியே. வார இறுதியில் உள்ளூர்க் குடும்பங்கள் திரளுவதால் வேலை நாளில் செல்வது நல்லது. பக்கத்திலுள்ள கல்குடா இன்னும் ஆளரவமற்றது என்றாலும் பாசிக்குடாவின் காப்பு அதற்கு இல்லை. பிள்ளைகளோடு அங்கே நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊரெங்கும் தமிழே பேசுவதால் அம்மாவுக்கும் சிரமமிராது.