பெரிய மேட்சுக்கு முன்னால் எதிரணியை எடை போட்ட அனுபவம்: அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் பகிருங்கள்

ஆன் ஆர்பர் பழைய மாணவன்

2007 செப்டம்பர் 1, மிச்சிகன் ஸ்டேடியம், எங்கள் மிச்சிகனை அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று ஜெயித்த நாள். அந்த மேட்சை இங்கே யாருக்கும் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் மிச்சிகனின் கடைசி கிக்கை அவர்கள் தடுத்ததையே பேசுகிறார்கள். எனக்கு இன்னும் உறுத்துவது முந்தின நாள் ராத்திரி.

மாடி வீட்டுக்காரர் வட கரோலினாவில் பூன் ஊரில், அந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிலேயே படித்தவர். அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற பெயரையே நாங்கள் அந்த வாரம்தான் கேள்விப்பட்டோம். சின்ன காலேஜ், மிச்சிகனோ நாட்டில் 5-ஆம் இடம். அவர் ஒரு டிவிடி போட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்துகிறவர்) அர்மாண்டி எட்வர்ட்ஸ் ரன்னிங்பேக் (பந்தோடு ஓடுகிறவர்) வயிற்றில் பந்தை வைக்கிறார், ஆனால் கையை எடுக்கவில்லை. பார்வை முழுக்க ஓரத்தில் நின்று தடுக்கும் எதிரணி ஆள், டிஃபென்சிவ் எண்ட் மேலே. "உங்க ஆள் உள்ளே வந்தா இவன் வெளியே ஓடுவான். அங்கேயே நின்னா பந்து உள்ளே போயிடும். எது செஞ்சாலும் உங்க ஆளுக்கு நஷ்டம்தான்" என்றார். பெருமை அடிக்கவில்லை, நிதானமாகச் சொன்னார்.

மறுநாள் பாதி மேட்சில் 28-17, அவர்கள் முன்னிலை. அதே கை, அதே பார்வை. என் பக்கத்து சீட்டுப் பெரியவர் "யார் இவங்க, யார் இவங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் மாடி வீட்டுக்காரர் ஒருவர்தான் என்று தோன்றியது. அடுத்த வாரம் ஒரிகன் டீம் வந்து 39-7 என்று அடித்துவிட்டுப் போனது. அவர்களுடைய குவார்ட்டர்பேக்கும் ஓடுகிறவர்.

ஷார்லட் வாசி

"சின்ன காலேஜ்" என்ற வார்த்தையை எப்போது விடப்போகிறோம்? 2005, 2006 இரண்டு வருஷமும் அவர்கள் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியன். 2007-லும் அவர்களே. மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கிய டீமை எந்தக் கணக்கில் சின்னது என்கிறீர்கள்? அப்போது மிச்சிகன் ஆடும் மேல்பிரிவில் ஒரு டீமுக்கு 85 ஸ்காலர்ஷிப், அவர்கள் பிரிவில் 63. வித்தியாசம் அதுதான். அது மூன்றாம் குவார்ட்டருக்கு மேல் களைப்பில் தெரியும், முதல் பாதியில் தெரியாது. அன்று நடந்ததும் அதுவே. கடைசியில் மிச்சிகன் 32-31 என்று முந்தியது. அப்புறமும் 26 விநாடி மிச்சமிருக்க ஃபீல்ட் கோல் (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) போட்டு ஜெயித்தார்கள் பாருங்கள், அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் இல்லை.

என் அனுபவம் என்று தனியாக எதுவும் இல்லை. டிவியில்கூடப் பார்க்க முடியவில்லை. மேட்சைக் காட்டிய பிக் டென் நெட்வொர்க் சேனல் ஆரம்பித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, எங்கள் கேபிளில் வரவில்லை.

வீடியோ ரூம்

மாஸ்டர்ஸ் படிக்கும்போது எங்க யுனிவர்சிட்டி ஃபுட்பால் ஆபீஸ்ல வீடியோ வேலை பார்த்தேன். ஏ.சி.சி.ங்கிற காலேஜ் லீக்ல இருந்த டீம், பேர் வேண்டாம். எதிரணியோட பழைய மேட்சை ஒவ்வொரு ஸ்னாப்பா (பந்து கிளம்புற ஒவ்வொரு தடவையா) வெட்டி, எத்தனாவது டவுன் (பத்து யார்டு போக நாலு வாய்ப்பு, அதுல எத்தனாவது), இன்னும் எத்தனை யார்டு, பந்து எந்தப் பக்க ஹாஷ் கோட்டுல இருக்கு, என்ன ஃபார்மேஷன், அதாவது யார் எங்கே நிக்கறாங்கன்னு டேக் போட்டுக் கொடுக்கணும்.

அந்த வாரம் ஜார்ஜியா டெக். பால் ஜான்சன் கோச்சா இருந்த காலம், டிரிபிள் ஆப்ஷன். பந்து மூணு பேர்ல யார்கிட்ட போகும்னு கடைசி நொடி வரைக்கும் தெரியாது. தெரிஞ்சவங்களுக்கு அடிவயிறு கலங்கும். மத்த டீமெல்லாம் பாஸா போட்டுத் தள்ளுற நேரத்துல இவங்க மேட்ச் பூரா ஓட்டம்தான். வருஷத்துல ஒரே வாரம்தான் அதுக்குத் தயாராக முடியும்.

செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ்ல எதிரணி மாதிரி ஆடிக் காட்டுற எங்க ஸ்கவுட் டீம் அந்த ஆட்டத்தைப் பந்தே இல்லாம ஓடினாங்க. நிஜமாவே பந்து கிடையாது. டைவ் ஓடுறவனுக்கு (நேரா நடுவுல ஓடுறவன்) தடுக்க ஒருத்தன், குவார்ட்டர்பேக்குக்கு ஒருத்தன், பிட்ச் வாங்குறவனுக்கு (ஓரத்துல தூக்கிப் போடுற பந்தை வாங்குறவன்) ஒருத்தன். கையில பந்து இருக்கோ இல்லையோ, உன் ஆளை நீ சாய்க்கணும். எல்லா டிஃபென்ஸ்காரனுக்கும் பந்தைத் துரத்துற பழக்கம் ரத்தத்துல ஊறினது. அதை உடைக்கத்தான் இந்த ஏற்பாடு.

அன்னிக்கு ராத்திரி எங்க லைன்பேக்கர் (முன் வரிசைக்குப் பின்னால நின்னு தடுக்கிறவன்) ஒருத்தன் ரூமுக்கு வந்து எண்ட் ஸோன் கேமரா, அதாவது மைதானத்துக் கோடியிலிருந்து எடுத்த வீடியோ கேட்டான். போட்டேன். அவன் தன் உள்ளங்கையை மானிட்டர் மேல வெச்சு குவார்ட்டர்பேக்கை மறைச்சுக்கிட்டான். "இப்போ ஓட்டு"ன்னான். எதிரணி முன் வரிசையில நிக்கிற கார்டு முதல்ல எந்தப் பக்கம் கால் வைக்கிறான்னு மட்டும் பார்த்தான். வலம், வலம், இடம்னு அவன் வாய் சொல்லிக்கிட்டே இருந்தது. ஸ்கிரீன் பூரா விரல் தடம். ஆறடி மூணங்குல ஆள், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். எதிராளிக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த ஒருத்தனை நான் வேற எங்கேயும் பார்க்கலை.

கொலம்பஸ் அம்மா

2024 நவம்பர் 30, எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் மிச்சிகனுக்கும் மேட்ச். எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மகள் ஒஹாயோ ஸ்டேட்டில் படிக்கிறாள், அவள் மூலம் கீழ் வரிசை டிக்கெட் கிடைத்தது. நாங்கள் கிட்டத்தட்ட 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று கணிப்பு. மிச்சிகன் ஏற்கெனவே ஐந்து தோல்வி. அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரர்கள் கோல்ஸ்டன் லவ்லாண்ட் இல்லை, வில் ஜான்சன் இல்லை. ஊர் முழுக்க "பாதி டீமே வரலை" என்றுதான் பேச்சு.

வார்ம்-அப்பில் மிச்சிகன் தடுப்பு வரிசையின் நடுவில் ஆடும் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் எங்களுக்கு நேர் எதிரே நின்றார்கள். இரண்டு பேரும் 300 பவுண்டுக்கு மேல். கிராண்ட் ஒரே ஒரு முறை, ஒரே அடி, முன்னால் பாய்ந்து காட்டினார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சீக்கிரம் கிளம்பும் என்று எனக்குத் தெரியாது. மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, நம்ம சென்டருக்கு அடிபட்டாச்சு, லெஃப்ட் டாக்கிளும் இல்ல. இவங்களை யார் தடுப்பாங்க?" என்றாள். பந்தை வெளியே எறிந்தால் பிடிக்க ஜெரமையா ஸ்மித் இருந்தார், எமேகா எக்புகா இருந்தார். நாங்களோ திரும்பத் திரும்ப நடுவிலேயே, அந்த இரண்டு பேர் மேலேயே ஓடினோம். 13-10 என்று தோற்றோம்.

எங்கள் அதே டீம் ஜனவரியில் நோட்ரடேமை 34-23 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு கல்லூரி மாணவி வார்ம்-அப்பில் கண்டதை ஏன் அன்று யாரும் காணவில்லை என்ற ஆற்றாமை எனக்குப் போகவில்லை. மிச்சிகன்காரர்கள் 2023-இல் செய்ததுபோல, எதிரணி கோச் ஓரத்தில் நின்று ஆட்டத்தைச் சொல்லும் சைகையை நாங்கள் திருடவும் இல்லை.

ஆன் ஆர்பர் பழைய மாணவன்

அம்மா, மன்னிக்கணும், கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியாது. எதிரணி ஆடுகிற மேட்சுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பார்ப்பது விதிப்படி தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த விவகாரம் வெடித்தது 2023 அக்டோபரில். உங்களோடு மேட்ச் நவம்பர் 25. அதற்குள் அப்படி ஆள் அனுப்பிய எங்கள் ஊழியர் போய்விட்டார், கோச் ஜிம் ஹார்பா மைதானத்திலேயே இல்லை. அப்போதும் 30-24 என்று ஜெயித்தோம். இப்போது 2024-லிருந்து ஹெல்மெட்டிலேயே கோச்சின் குரல் வருகிறது, திருட என்ன இருக்கிறது?

காலேஜ் ஸ்டேஷன் மாமா

சண்டை வேண்டாம். நான் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 செப்டம்பரில் எங்கள் டெக்சஸ் ஏ அண்ட் எம் மைதானமான கைல் ஃபீல்டில் அலபாமாவோடு மேட்ச். முந்தைய வருஷம் அவர்களை அவர்கள் ஊரிலேயே 29-24 என்று ஜெயித்திருந்தோம். ஊரே எங்கள் குவார்ட்டர்பேக் ஜானி மன்சீல் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. 14-0 என்று முன்னால் போனோம். கத்திய கத்தில் தொண்டை போய்விட்டது. அப்போது அலபாமா லைன்மேன் (லைன் என்கிற முன் வரிசையில் நிற்பவர்) ஒருவரைப் பார்த்தேன். முகத்தில் பதற்றமே கிடையாது, சாவகாசமாகத் தண்ணீர் குடித்துவிட்டு இடத்துக்கு வந்து நின்றார். அதற்கப்புறம் அவர்கள் தொடர்ந்து 35 புள்ளி. எங்கள் மைக் எவன்ஸ் பந்தைப் பிடித்து 279 யார்டு எடுத்தும் 49-42 தோல்வி.

யாரும் கேட்காவிட்டாலும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எதிரணியின் வெற்றிகளைப் பார்க்காதீர்கள். அவர்கள் தோற்ற மேட்சை, அதுவும் இரண்டாம் பாதியை முழுசாகப் பாருங்கள். ஸ்கோரை விடுங்கள், மூன்றாவது டவுனில் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் டவுனில் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆடுவார்கள். நெருக்கடியில்தான் எந்த ஆட்டத்தை நம்புகிறார்கள் என்பது தெரியும். யார் ஆடவில்லை என்ற பட்டியலைவிட, யார் அவர் இடத்தில் வருகிறார் என்று பாருங்கள். லைனைப் பாருங்கள். டிவி பந்தின் பின்னாலேயே போகும், லைனைக் காட்டாது. மழை, காற்று, எத்தனை மணிக்கு ஆட்டம், முந்தின வாரம் ஓய்வா, இதெல்லாமும் கணக்கில் வரும். வீடியோ ரூம் தம்பி சொன்ன லைன்பேக்கர் காலைப் பார்த்தது லைன்மேனுக்குச் சரி. பந்து வைத்திருக்கிறவனிடம் காலைப் பார்த்தால் ஏமாந்தோம். எங்கள் ஊர்க் கபடியில் ரெய்டரின் இடுப்பைத்தான் பார்க்கச் சொல்வார்கள். கால் பொய் சொல்லும், இடுப்பு போகிற திசைக்குத்தான் உடம்பு போகும். இங்கேயும் டாக்கிளிங் சொல்லிக் கொடுப்பவர்கள் அதையேதான் சொல்கிறார்கள்.

ஷார்லட் வாசி

மாமா, இவ்வளவும் சரி, ஆனால் "முதல் டவுனில் எல்லாரும் ஒரே மாதிரி" என்பது ஜார்ஜியா டெக்குக்குப் பொருந்தாதே. அவர்களுக்கு எல்லா டவுனும் ஒன்றுதான், அதுதானே பிரச்சினை? வீடியோ ரூம், சனிக்கிழமை என்ன ஆச்சு, அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே.

வீடியோ ரூம்

ஜெயிச்சோம் அண்ணா. முதல் பாதியில பிட்ச் பக்கம் ஒண்ணுமே கிடைக்கலை அவங்களுக்கு. மூணாவது குவார்ட்டர்ல கார்டு வலப்பக்கம் கால் வெச்சதும் அந்த லைன்பேக்கர் பந்து எங்கேன்னு பார்க்காமலே குவார்ட்டர்பேக் மேல விழுந்தான். பந்து அப்போ டைவ் பேக் கையில இருந்தது, அவனை நடுவுல நிக்கிற எங்க நோஸ் டாக்கிள் ரெண்டு யார்டுலயே நிறுத்திட்டான். டிவி நோஸ் டாக்கிள் பேரைத்தான் சொல்லுச்சு. திங்கக்கிழமை நான் அந்த ஸ்னாப்பை எண்ட் ஸோன் கேமராவுல வெட்டி லைன்பேக்கருக்குத் தனியா அனுப்பினேன். அவன் மட்டும் அங்க இல்லாம, குவார்ட்டர்பேக் பந்தை வெச்சிருந்தா அந்தப் பக்கம் காலி, டச்டவுன்.